ஏழு வரி கணக்கு கேட்டதுக்கா இந்தப் பாடு?

ரெண்டு நாளா எல்லாரும் ஒரு கல்லூரியோட மாணவர் பேரவைச் செயலாளர் நிர்வாகத்துக்கு எழுதின அந்த மனுவைத்தான் போட்டோ பிடிச்சுச் சுத்த விட்டுட்டு இருக்கீங்க. நானும் பார்த்தேன். கோடு போட்ட தாள்ல அரைப் பக்கம். பேரவைச் செயலாளர் கேட்டது ஏழே விஷயம்: பேரவைக் கட்டணம் எவ்வளவு வசூலாச்சு, போன வருஷ மிச்சம் எவ்வளவு, தொடக்க விழாச் செலவு எவ்வளவு, விளையாட்டு விழாவுக்கு எவ்வளவு, கல்லூரி நாளுக்கு ஒதுக்கினது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, பில்லைப் பார்க்கலாமா. "தாழ்மையுடன்" மட்டும் ரெண்டு தடவை எழுதியிருக்கு பிள்ளை.

இதுக்கு நிர்வாகம் கேக்குறது விளக்கக் கடிதம். அப்பாவைக் கூட்டிட்டு வா. பேட்ஜைக் கழட்டிக் குடு. நல்லாருக்கு.

அதைவிட எனக்கு வலிச்சது கீழே ஒரு அண்ணாச்சி போட்ட கமெண்ட். "பேரவைன்னா வாழைமரம் கட்டணும், வாரவங்களுக்குச் சால்வை போடணும், போயிரணும். கணக்கு கேக்கது என்ன பழக்கம்?" அதுக்கு ஹார்ட் விட்டவங்கள்ல நம்ம ஆளுகளே நாலு பேர்.

அண்ணாச்சி, அது பிள்ளைக காசு. ஃபீஸ் ரசீதை எடுத்துப் பாருங்க. டியூஷன், லேப், லைப்ரரி, ஸ்போர்ட்ஸ் எல்லாம் தாண்டி நடுவுல "யூனியன்"னு ஒரு வரி இருக்கும். ஒரு பேச்சுக்குத் தலைக்கு 100 ரூபாய்னு வைங்க. 2,400 பிள்ளைகன்னா 2,40,000. காசு குடுத்தவன் கணக்கு கேட்டா அதுக்குப் பேர் திமிரா?

நடைமுறை தெரியாமத்தான் பாதிப் பேர் பேசுறாங்க, அதனால சொல்றேன். விழாவுக்கு ஒரு மாசம் முந்தியே பேரவை பட்ஜெட் எழுதிக் குடுக்கணும். மைக் செட், பந்தல், சாப்பாடு எதுவானாலும் மூணு கடையில விலை எழுதி வாங்கணும், அதான் கொட்டேஷன். அட்வான்ஸ் பொறுப்பாசிரியர் பேர்லதான் வரும், மாணவர் பேர்ல வராது. செலவழிச்ச ஒவ்வொரு பில்லையும் ஏ4 தாள்ல ஒட்டி, மேல்மூலையில வவுச்சர் நம்பர் போட்டு, பின்னால எந்த நிகழ்ச்சிக்குன்னு எழுதணும். 5,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா வாங்குறவர் ஒரு ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடணும். தெர்மல் பேப்பர் பில் கொஞ்ச மாசத்துல வெளுத்து வெறும் தாளாயிரும், அதனால வாங்கின அன்னைக்கே ஜெராக்ஸ்.

கோளாறு எங்க வரும்? பூக்காரம்மா பில் தராது. டெம்போக்காரர் தர மாட்டார். அங்கதான் வெத்து வவுச்சர் நுழையும். "இதுல கையெழுத்துப் போடும்மா, தொகையை அப்புறம் எழுதிக்கலாம்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காத பேரவைச் செயலாளர் இருந்தா கையைத் தூக்குங்க. பிறகு சிறப்பு விருந்தினருக்கு அரைக்கிலோ அல்வான்னு வவுச்சர்ல இருக்கும். எத்தனை விருந்தினர்னு இருக்காது.

இன்னொன்னு. பேரவை அமையவே ஆகஸ்ட், செப்டம்பர் ஆயிரும். கல்லூரி நாள் பிப்ரவரி, மார்ச். பில் பைசல் ஆகும்போது செயலாளர் கடைசி செமஸ்டர் எழுதிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். அடுத்து வாரவனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்கூடக் கைமாறாது. வருஷா வருஷம் புதுசா ஏமாறுறதுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? அந்தப் பிள்ளை நடுவருஷத்துலேயே கேட்டுது பாருங்க, அதான் பொறுக்கல.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன். துணைச் செயலாளர். கடைசி நேரத்துல ஜெனரேட்டர் வேணும்னதும் வாய்மொழியாச் சொல்லி எடுத்துட்டான். விழா முடிஞ்சு பில்லோட போனா, "கொட்டேஷன் எங்க?"ன்னாங்க. டீசல் தனி, வண்டி வாடகை தனி, எல்லாம் சேர்ந்து 6,500. அவன் கைக்காசு. அன்னைக்கு மட்டும் விதி அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. மாணவன் குடுக்கணும்னா விதி, மாணவன் கேட்டா ஒழுங்கீனம்.

சிரிப்பு என்னன்னா, மாணவர் தேர்தலுக்கு, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில இருந்த குழு 2006ல பரிந்துரை குடுத்து, உச்ச நீதிமன்றமும் அந்த செப்டம்பர்லயே நடைமுறைப்படுத்தச் சொல்லிருச்சு. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல செலவழிக்கக் கூடாது. அச்சடிச்ச போஸ்டர் கூடாது, கையால எழுதினதுதான். முடிவு வந்து ரெண்டு வாரத்துல தணிக்கை செஞ்ச கணக்கைக் குடுக்கணும், நிர்வாகம் அதை ரெண்டே நாள்ல வெளியிடணும். ஆக, தன் கையில இருந்து செலவழிச்ச 5,000க்குப் பிள்ளை ஊரறியக் கணக்கு காட்டணும். பிள்ளைககிட்ட வாங்கின லட்சத்துக்கு நிர்வாகம் வாயைத் திறக்காது. நல்ல தராசு!

"ஆடிட்டர் பார்ப்பார்லா?" பார்ப்பார். வவுச்சர் இருக்கா, கூட்டல் சரியான்னு பார்ப்பார். ஆறு சால்வைன்னு எழுதினதுல நாலுதான் மேடை ஏறிச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? அது மேடைப் பக்கத்துல தட்டு ஏந்தி நின்ன பிள்ளைக்குத்தான் தெரியும்.

"படிக்கப் போனியா, அரசியல் பண்ணப் போனியா?" பி.காம் பிள்ளைகிட்ட இதைக் கேக்கீங்க. மூணு வருஷமா அது படிச்சதே வரவு செலவுதான்யா.

"தகவல் உரிமைச் சட்டத்துல போடலாமே." போடலாம். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில். அரசுக் காசுல பெரும்பாலும் நடக்குற கல்லூரியும் இதுக்குள்ளதான்னு 2019ல தீர்ப்பே இருக்கு. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2023 விதிப்படி கல்லூரியோட மாணவர் குறைதீர் குழு 15 வேலை நாள்ல அறிக்கை தரணும், அதுக்கு மேல குறைகேள் அலுவலரும் உண்டு. எல்லாம் உண்டு. இன்டர்னல் 25 மார்க் யார் கையில இருக்குன்னும் பிள்ளைக்குத் தெரியும். நீங்க போட்டுக் குடுப்பீங்களா அண்ணாச்சி, உங்க பேர்ல?

ஒரு கேள்வியை மட்டும் நான் லேசாத் தள்ள மாட்டேன். "பேரவைக்கு அதிகாரம் குடுத்தா தேர்தல் கேப்பாங்க, தேர்தல்னா நம்ம ஊர்ல சாதி வந்துரும்." இந்தப் பயம் பொய்யில்ல. கையில கட்டுற கயிறு நிறத்தைப் பார்த்தே பஸ்ஸுல இடம் விடுற ஊர் இது. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில சாதிவெறியில பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டினதை யாரும் மறக்கல. லிங்டோவே சாதியைச் சொல்லி ஓட்டு கேக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கார், சூழல் சரியில்லன்னா கொஞ்ச காலம் தேர்தலுக்குப் பதிலா நியமனம் வச்சுக்கலாம்னும் சொல்லியிருக்கார். எனக்கும் இதுல தெளிவான பதில் இல்ல. ஆனா ஒன்னு கேக்கேன். இப்ப துறைத்தலைவர் (ஹெச்ஓடி) ரூம்ல உக்காந்து பேரவைக்குப் பேர் எழுதுறாங்கல்லா, அதுல சாதி இல்லைன்னு உங்க நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.

அதுவும் போகட்டும். அந்தப் பிள்ளை தேர்தலா கேட்டுது? கணக்குதானே கேட்டுது.

தொடக்க விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பாரதியைப் பத்திப் பேசினாராம். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவர்னு பெருமை வேற. 1908 மார்ச்சுல வ.உ.சி.யைப் பிடிச்சப்போ திருநெல்வேலியே கொதிச்சு எழுந்துச்சுன்னும் சொன்னாராம். பிள்ளைக கை தட்டியிருக்கு. கையை நீட்டி உறுதிமொழியும் எடுத்திருக்கு, "நேர்மையாகப் பணியாற்றுவேன்"னு. அந்த ஒரு வரியை நம்பினதுதான் அந்தப் பிள்ளை செஞ்ச தப்பு போல.

கோவத்துல எழுதினேன், கோர்வை இருக்காது. ஒரே ஒரு வேண்டுதல். கமெண்ட்ல பிள்ளை பேரையோ கல்லூரி பேரையோ யாரும் போடாதீங்க, போட்டா அழிச்சிருவேன். திங்கக்கிழமை பத்து மணிக்கு அவ அப்பா ஆபீஸ் வாசல்ல நிக்கணும். அவருக்கு அன்னைக்குச் சம்பளம் கிடையாது.