ஓவியத்தைத் தொட்டால் தண்டுவட மரப்பு நோய் தொற்றாது

“தண்டுவட மரப்பு நோயாளிகள் வரைந்த ஓவியங்களைத் தொட்டால் அந்நோய் பிள்ளைகளுக்கும் பரவும், கண்காட்சியில் ஒருவர் நிற்க முடியாமல் சாய்ந்ததே சான்று” என்ற வாட்ஸ்அப் செய்தி கீழக்கரையிலிருந்து மண்டபம் வரை சுற்றி வருகிறது. இது தவறான செய்தி.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் இது தொற்றுநோயன்று. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குவதால், பார்வை மங்கல், கால் தளர்ச்சி, கடும் சோர்வு போன்றவை தோன்றுகின்றன. தொடுவதாலோ, தூரிகையைப் பகிர்வதாலோ, ஒரே கூடத்தில் அமர்வதாலோ அது மற்றவருக்குச் செல்வதில்லை. உடல் வெப்பம் சற்று உயர்ந்தாலே, உறை சிதைந்த நரம்புகளில் சமிக்ஞை தடைபட்டு இவ்வறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஒருவர் தளர்ந்து அமர்ந்தால், அவருக்குத் தேவை மின்விசிறியும் நாற்காலியுமே தவிர நம் அச்சமன்று.

உலகில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாகக் கூறும் உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்திலும், அரசு மருத்துவமனை நரம்பியல் மருத்துவரிடமும் இதைச் சரிபார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளுள் இதுவும் ஒன்று. தளரும் விரல்களால் பல நாள் முயன்று வரைந்தவர்களின் முன் கண்காட்சிக் கூடம் இவ்வச்சத்தால் வெறிச்சோடிக் கிடப்பது வேதனைக்குரியது. அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்; அனுப்பியிருந்தால், அதே குழுவில் இவ்விளக்கத்தையும் பகிருங்கள்.