நோய்க்குப் பேரு இருக்குன்னு தனி ரேட்டா?

ஞாயித்துக்கிழமை கோயில் ஹால்ல கமிட்டி கூடி, முடியாதவங்க வீட்டுக்கு உதவி ஆள் அனுப்பறதுக்கு ரேட் ஷீட் போட்டது எல்லாருக்கும் தெரியும், முழுசாத் திருப்பிச் சொல்லப்போறதில்ல. அந்த ரேட் ஷீட் வாட்ஸப்ல வராத வீடு நம்ம டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்காது. அதுல "நாள்பட்ட நோயாளிகளுக்குக் கூடுதல் கட்டணம்"னு ஒரு வரி இருக்கு பாருங்க, அன்னைலேருந்து மனசு ஆறல.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. நோயோட பேருக்கு ரேட் போடாதீங்க, செய்யற வேலைக்குப் போடுங்க.

எனக்கு முடக்கு வாதம். காலைல எந்திரிச்சா விரல் மடங்காது. ரவிக்கை ஊக்கு மாட்ட, மருந்து பாட்டில் மூடிய அழுத்தித் திருக, குழாயைத் திறக்க ஆள் வேணும். பத்து மணிக்கு மேல கை இளகிரும், அப்புறம் சோறு நானே வடிச்சிருவேன். ஆக எனக்குத் தேவை ஒரு மணி நேரம், காசு வாங்கறது நாலு மணி நேரத்துக்கு, அதுக்கு மேல இந்தக் கூடுதல் வேற. அடுத்த தெருவுல இடுப்பெலும்பு முறிஞ்ச ஐயா ஒருத்தர், அவரைத் தூக்கி உக்கார வைக்கணும், குளிப்பாட்டணும், அவருக்குக் கூடுதல் கிடையாது, ஏன்னா அவர் குணமாயிருவாராம். நாங்க குணமாக மாட்டோம், அதனால அதிகமாக் குடுக்கணுமாம். இதுல என்ன நியாயம்னு யாராவது எனக்குப் புரிய வைங்க.

"4 மணி நேரம் சட்டம்தானே அக்கா"ன்னு ஒரு தம்பி கேட்டார். சரிதான் தம்பி, அதுக்குக் குறைச்சு வேலை பாத்தாலும் 4 மணி நேரக் கூலி குடுக்கணும்னு சட்டம் இருக்கு, நல்ல சட்டம், நான் மறுக்கல. ஆனா அது வேலை பாக்கறவங்களுக்காகப் போட்டது. எனக்கு உதவிக்கு வர்ற சிசி உம்லாசிலேருந்து ரெண்டு டாக்சி மாறி இருட்டோட கிளம்பி வர்றா. உனக்கு எவ்வளவும்மா வருதுன்னு கேட்டேன், சொல்லவே கூச்சப்பட்டா. நாங்க கட்டறதுல பாதிகூட இல்ல. அந்தக் கூடுதல்ல அவளுக்கு ஒரு சென்ட் கிடையாது. எங்க தெருவுலயே மூணு வீட்டுல ஆள் கேக்கறாங்க, காலைல என் வீடு, அப்புறம் அடுத்த வீடுன்னு வரிசையா அனுப்பினா அவளுக்கு முழு நேரமும் ஆச்சு, எங்களுக்கும் ஒரு மணி நேரக் காசோட போச்சு. இதை யோசிக்க யாருக்கு மனசு வரும்?

"கவர்மென்ட்தான் குடுக்குதே"ங்கறவங்களுக்கு. கூட ஆள் வச்சுக்கறதுக்குன்னு சாசா, அதான் நம்ம தென்னாப்பிரிக்க அரசோட உதவித்தொகை ஆபீஸ், 2025 ஏப்ரல்ல அறிவிச்ச தொகை மாசம் 560 ராண்ட். அதுவும் ஏற்கெனவே ஊனமுற்றோர் உதவித்தொகையோ முதியோர் உதவித்தொகையோ முன்னாள் போர்வீரர் உதவித்தொகையோ வாங்கறவங்களுக்குத்தான், முழுநேரமும் ஆள் வேணும்னு டாக்டர்கிட்ட நிரூபிக்கவும் வேணும். அந்த வருஷம் குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட். வகுத்துப் பாருங்க, மாசத்துக்கு 20 மணி நேரம்கூட வராது. ஒரு நாளைக்கு 40 நிமிஷம்கூட இல்ல, அதுவும் முழுநேரமும் ஆள் வேணும்னு நிரூபிச்சவங்களுக்கு!

இதெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன். "ஈஸ்டர் லீவுல நடக்கற திருவிழாவுக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில்ல பாத்தோமே, நல்லாத்தானே நின்னாங்க"ன்னு ஒருத்தங்க எழுதியிருக்காங்க, அதைத்தான் தாங்க முடியல. நின்னேன், ஆமா. ஆத்தா முன்னாடி ஒரு நாள் நிக்கறதுக்கு அப்புறம் எத்தனை நாள் படுக்கைல கிடந்தேன்னு நீங்க வந்து பாத்தீங்களா? நல்லா இருக்கற நாள்ல பாத்தா "இவளுக்கு எதுக்கு ஆள்", முடியாத நாள்ல கூப்பிட்டா "அவசர ரேட்". நாங்க எந்த நாள்ல மனுஷங்களா தெரியுவோம்?

வீல்சேர் வச்சிருந்தா மினிபஸ் டாக்சில ரெண்டு சீட்டுக்குக் காசு கேக்கறாங்க, அதையும் பழகிட்டோம். பழகினதுதான் தப்பு.

தியாகராஜ் சூப்ரமணியை இங்க எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? நம்ம டர்பன் மனுஷன், 41 வயசு, சர்க்கரை, இதய நோய், சிறுநீரகம் செயலிழந்து போச்சு. தனியார்ல காசு குடுத்து டயாலிசிஸ் பண்ணிட்டிருந்தார், கையில இருந்த பணம் தீர்ந்துது. அடிங்டன் ஆஸ்பத்திரில மெஷின் கொஞ்சம்தான், இதய நோயும் இருக்கறதால நீங்க எங்க விதிக்குள்ள வரமாட்டீங்கன்னுட்டாங்க. அரசியல் சாசன நீதிமன்றம் வரைக்கும் போனார், 1997 நவம்பர்ல தீர்ப்பு அவருக்கு எதிரா வந்துது, சில நாள்ல போய்ச் சேர்ந்துட்டார். அரசாங்கத்துக்கிட்ட பணம் பத்தலன்னு கோர்ட் சொன்னதையாவது ஒரு காரணமா எடுத்துக்கலாம். நம்ம கோயில் ஹால்ல நம்ம ஆளுங்களே உக்காந்து, தீராத நோய்னா கூடப் போடுன்னு எழுதறதுக்கு என்ன காரணம்?

லாபம் பாக்க வேணாமான்னு கேக்கறவங்களுக்கு, பாருங்க, யாரும் சும்மா கேக்கல. வேலைக்கு உண்டான காசை வாங்குங்க, அதுல சிசிக்கு எவ்வளவு போகுதுன்னு அதே ஷீட்ல எழுதுங்க.

கமிட்டி அண்ணன்மாரே, அடுத்த கூட்டத்துல இதை நேராவே கேப்பேன். கூட்டத்தைக் காலைல வைக்காதீங்க. எங்கள மாதிரி ஆளுங்களும் வந்து உக்காரணும்னா மத்தியானத்துக்கு மேல வைங்க.