அடிச்சாரா? குடிச்சாரா?

என் டைவர்ஸைப் பற்றிப் போட்ட போன பதிவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். 'அடிச்சாரா? குடிச்சாரா? ரெண்டும் இல்லைன்னா எதுக்கு டைவர்ஸ்?' என்று ஓர் அண்ணன் கேட்டார். அதற்கு 43 ஹார்ட் வேறு. பதில் போடாமல் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

அண்ணே, நீங்கள் கேட்டதைத்தான் சட்டமும் கேட்கிறது. 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டம், 13-ஆம் பிரிவு. தகாத உறவு, கொடுமை, இரண்டு வருடம் விட்டுப்போனது என்று ஒரு பட்டியல். ஏதாவது ஒன்றை நிரூபிக்க வேண்டும். 'ஒத்துவரவில்லை' என்பது அதில் கிடையாது. 1976-இல் 13-பி பிரிவு வந்ததே, கணவனும் மனைவியும் சேர்ந்து கேட்டால் கிடைக்குமே என்பீர்கள். சேர்ந்து கேட்டால்தான். என் கணவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். காரணம், 'அம்மாவுக்கு அசிங்கம்'.

அப்புறம் என்ன, அவரைக் கொடுமைக்காரர் ஆக்க வேண்டியதாயிற்று. என் வக்கீல் நல்ல மனிதர். எல்லாம் கேட்டுவிட்டு, 'இது பத்தாதும்மா, வேற ஏதாவது இருக்கா?' என்றார். யோசித்து யோசித்து, சாம்பாரில் உப்பு அதிகம் என்று அவர் ஒருநாள் தட்டைத் தள்ளியதைச் சொன்னேன். மனுவில் அது நாலு வரியாக வந்தது. படித்தபோது எனக்கே அவர்மேல் பாவமாக இருந்தது. அவர் சும்மா இருப்பாரா? எதிர்மனுவில் என் நடத்தை வந்தது. குறுக்கு விசாரணையில், திருச்செந்தூர் கடற்கரையில் நான் சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோவை நீட்டி, 'சந்தோஷமாத்தானே இருந்தீங்க?' என்றார் அவர் வக்கீல். போட்டோவுக்குச் சிரிக்காமல் அழுவார்களா?

முறிந்துபோன கல்யாணத்தை யார் தப்பு என்று கிளறாமல் முடித்துவைக்கலாம் என்று சட்ட ஆணையம் 1978-லேயே சொன்னது. 2009-இல் மறுபடியும் சொன்னது. 2013-இல் மாநிலங்களவையில் மசோதா நிறைவேறியது, மக்களவையைத் தாண்டவில்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவின்படி தானே அப்படி விவாகரத்து தரலாம் என்றது. சந்தோஷம். நம் ஊர் குடும்பநல நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லையே, எல்லோரும் டெல்லிக்கு ரயில் ஏறுவதா?

இங்கிலாந்திலும் 2018-இல் ஓவன்ஸ் என்ற அம்மாவுக்கு 'இது பத்தாது' கதைதான். அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே விவாகரத்தை மறுத்துவிட்டது. 2020-இல் சட்டத்தை மாற்றினார்கள். 2022 ஏப்ரலிலிருந்து, முறிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

'இப்படி விட்டால் ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள்' என்கிறார்கள். ஆமாம், வாய்தாவுக்கு அலைவது எங்களுக்குப் பொழுதுபோக்கு பாருங்கள். கலாச்சாரம் பேசுபவர்களுக்கு வணக்கம், அவ்வளவுதான்.

'ஆம்பளைங்க பொண்டாட்டியைக் கழற்றி விட்டுட்டுப் போயிடுவாங்களே' என்று ஒரு தோழி இன்பாக்ஸில் கேட்டாள். இது நியாயமான பயம். 2013 மசோதாவிலேயே, கடும் பணக்கஷ்டம் வரும் என்றால் மனைவி எதிர்க்கலாம் என்று இருந்தது. ஜீவனாம்சத்தை இறுக்குங்கள், சொத்தில் ஈடு கொடுங்கள். அதற்காக என்னை நீதிபதி முன்னால் சாம்பார் கதை சொல்லவைக்காதீர்கள்.

நாலு வருடம் கழித்து அவரே கையெழுத்துப் போட்டார். ஒரு கொடுமையும் நிரூபணமாகவில்லை. ஆனால் அந்த எதிர்மனுவை யாரோ என் அப்பாவுக்குத் தமிழில் படித்துச் சொல்லிவிட்டார்கள். அன்று பஸ்ஸில் ஊர் வரும்வரை அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அப்புறம், அந்த 43 ஹார்ட்டில் ஒன்று என் சித்தி மகளுடையது. பார்த்தேன்டி.