ரிமார்க்கபிள்ஸ் மலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்

நியூசிலாந்தின் குயீன்ஸ்டவுனுக்குச் சென்று வந்த எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பல, ரிமார்க்கபிள்ஸ் மலைத்தொடரை ஏரிக்கரையில் நின்று படமெடுத்ததோடு திரும்பிவிட்டன. பனிச்சறுக்கு நமக்குப் பழக்கமில்லாதது, குழந்தைகளை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள்தான் அந்த மலைமேல் கட்டாயம் ஒரு நாள் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கரையிலிருந்து தெரியும் காட்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. மின்னல் கீற்றைப் போல முறிந்து வளைந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வகாடிப்பு ஏரி, பனியாறு குடைந்த பள்ளத்தில் நிறைந்த நீர். அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 310 மீட்டர். ஆழமோ 380 மீட்டர். ஏரியின் அடித்தரை கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. அந்த நீரை ஒட்டி எழும் ரிமார்க்கபிள்ஸ் பாறைச்சுவர், 2,319 மீட்டர் உயர உச்சி வரை இடையில் குன்றென்று எதுவும் மறைக்காமல் நிமிர்ந்து நிற்கிறது. மேற்கு நோக்கிய முகம் என்பதால் மாலை வெயில் முழுவதும் அதன்மேல்தான் விழும். ஏரியின் நீர்மட்டம் சிறிய அளவில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதை, அடியில் கிடக்கும் மாட்டாவ் என்ற அரக்கனின் இதயத் துடிப்பு என்று அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மரபுக்கதை சொல்கிறது.

ஆனால் ஊரிலிருந்து பார்க்கும்போது சறுக்குத் தளம் கண்ணில் படாது. 1985இல் திறக்கப்பட்ட அந்தத் தளம், சுவரின் பின்புறத்தில், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், மூன்று பக்கமும் பாறை சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளங்களில் அமைந்திருக்கிறது. காற்று பெருமளவு தடுக்கப்படுகிறது. கீழ்ப்பகுதியின் சரிவும் மென்மையானது. புதிதாகக் கற்பவர்களுக்கும் சிறுவர்களுக்கும் இதைவிடத் தோதான நிலம் அமைவது அரிது.

சென்ற ஆகஸ்டில் ஏழு வயது மகளை அழைத்துச் சென்றோம். மேஜிக் கார்பெட் என்று அங்கே சொல்லும், தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும் பட்டையின்மேல் சறுக்குப் பலகைகளுடன் நின்றால், அது குழந்தையை மெல்ல மேட்டுக்குக் கொண்டுபோய்விடும். பயிற்றுநர் அவளிடம் பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பகுதியை விரித்து, "பீட்சா" துண்டு போல வைக்கச் சொன்னார். வேகம் குறைந்தது. இரண்டையும் இணையாக வைத்தால் "ஃபிரெஞ்சு ஃபிரைஸ்", வேகம் கூடும். அந்த இரண்டு சொற்களே அன்றைய பாடம். முதல் மணி நேரத்தில் அவள் எத்தனை முறை விழுந்தாள் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி வைத்து, கையை ஊன்றித் தானே எழுந்தாள்.

பெற்றோர் செய்யும் பெரிய தவறு, முதல் நாளே பிள்ளையை சேர்லிஃப்ட் என்ற, கம்பிவடத்தில் தொங்கியபடி ஏறும் இருக்கையில் ஏற்றி மேலே கொண்டுபோவது. அச்சம் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் இறங்குவது கடினம். நாமே கற்றுத்தருவதும் வேண்டாம். அப்பாவிடம் அழும் குழந்தை பயிற்றுநரிடம் அழுவதில்லை. நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன்: குளிருக்கென்று மகளுக்கு இரண்டு காலுறைகளை மாட்டிவிட்டேன். பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் தடைப்பட்டதால் கால் மேலும் சில்லிட்டது. கால் முழுவதையும் மூடும் ஒரே உறை போதும்.

செலவைப் பற்றிய குறை நியாயமானதே. நுழைவு, பயிற்சி, வாடகை உபகரணம் எல்லாம் சேர்ந்து நடுத்தரக் குடும்பத்துக்குக் கணிசமான தொகை ஆகிவிடும். அதனால்தான் கீழ்ச்சரிவுக்கு மட்டுமான சீட்டையும் பயிற்சியையும் சேர்த்து வாங்கி, மற்ற நாள்களின் கேளிக்கை ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். மலைச்சாலை செங்குத்தானது, பனியில் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டி வண்டி ஓட்டிப் பழகாதவர்கள் ஊரிலிருந்து புறப்படும் பேருந்தில் செல்வதே நல்லது.

அங்கே கேயா என்ற மலைக்கிளியையும் பார்க்கலாம். ஆட்டு மந்தைகளைத் தாக்குகிறது என்று சன்மானம் கொடுத்துக் கொல்லப்பட்ட பறவை அது. 1986இல்தான் அதற்கு முழுச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. கார்க் கதவின் ரப்பரைக் கொத்திப் பிய்க்கும். எவ்வளவு அருகில் வந்தாலும் தின்பண்டம் கொடுக்காதீர்கள். மனிதரை அண்டிப் பழகும் கேயாவுக்கு ஆபத்து அதிகம்.

நான் மட்டும் பிற்பகலில் மேல்விளிம்பு வரை ஏறிப் போய், பாறை இடுக்கின் வழியே கீழே கிடந்த ஏரியைப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பியபோது தளம் மூடும் நேரம் நெருங்கியிருந்தது. மகள் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, கடைசியாக ஒரு முறை போய் வருவதற்காக அந்தப் பட்டையின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.