ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீங்கண்ணே!

கோவில் மலருக்குப் படம் கேட்டால் நம் ஆட்கள் கையளவுப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, "கிளியராதானே இருக்கு?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். அவர்கள் கைப்பேசியில் கிளியராகத்தான் இருக்கும். அந்தத் திரையே உள்ளங்கை அகலம்தானே! மலரில் ஒரு முழு ஏ4 பக்கம் போட வேண்டுமென்றால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்குக்கு 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்சாப்பில் சும்மா அனுப்பும் படம் பெரும்பாலும் நீளவாக்கில் 1600 பிக்சலோடு நின்றுவிடும். அதே தரத்தில் அச்சடித்தால் ஐந்தே கால் அங்குலத்துக்குச் சற்று மேல் வரும், அவ்வளவுதான். கைப்பேசி 4000-க்கு 3000 என்று எடுத்த படம் 1600-க்கு 1200 ஆகும்போது ஆறில் ஒரு பங்கு பிக்சல்கூட மிஞ்சுவதில்லை.

இதில் வாட்சாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. டேட்டா மிச்சமாகட்டும், சட்டென்று போய்ச் சேரட்டும் என்று அது சுருக்குகிறது. கூடுதல் தரத்தில் அனுப்ப 2023-இலேயே எச்டி என்று ஒரு பொத்தானும் வந்துவிட்டது. அதையும் வேண்டாம் என்றால் டாக்குமெண்டாக அனுப்பலாம், கோப்பு எடுத்தது எடுத்தபடி வந்து சேரும். இரண்டு தட்டு கூடுதல். முப்பது வகை ஃபில்டர் போட்டு செல்ஃபி எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு தட்டு மட்டும் கணினிப் பட்டப்படிப்பு போலத் தெரிகிறது!

பினாங்குத் தைப்பூசப் படங்களைக் கேட்காதீர்கள், வயிறு எரியும். 2017 முதல் வெள்ளி ரதம், தங்க ரதம் என்று இரண்டு ரதம் தண்ணீர்மலைக்குப் போகிறது. சாலையெங்கும் தேங்காய்ச் சில், கற்பூரப் புகை, மஞ்சள் வேட்டி, இருட்டில் விளக்கு வரிசை. சுருக்கலைத் தாங்காத படம் என்றால் இதுதான். கூட்டமும் இருட்டும் நுணுக்கமும் ஒன்றாக இருக்கும் இடத்தில்தான் சேதம் அதிகம் தெரியும். ரதத்தின் வெள்ளி வேலைப்பாடு முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்து போகிறது. எடுத்தவர் நல்ல கேமராவில், முட்டி வலிக்க நின்று எடுத்திருப்பார். அது நம்மிடம் வருவதோ அவர் மச்சான் குரூப், மாமா குரூப், இளைஞர் மன்ற குரூப் என்று சுற்றிவிட்டு.

ஏன் கட்டம் கட்டமாகிறது? 1992-இல் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக் (JPEG) என்ற சுருக்கும் முறை, படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று நினைக்கும் விவரத்தைத் தூக்கி எறியும். வெளிச்சத்தை ஓரளவு காப்பாற்றும், நிறத்தில் தாராளமாகக் கை வைக்கும். குங்குமமும் சிவப்புப் பட்டுக்கரையும் சிவப்பு எழுத்தும் முதலில் கலங்குவது அதனால்தான். எறிந்தது எறிந்ததுதான், திரும்பி வராது. சுருங்கிய படத்தை எடிட் செய்து, மறுபடி சேமித்து, மறுபடி சுருக்கி அனுப்பினால் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் போகும். ஆகவே குரூப்பில் கிடைத்ததை அனுப்பாதீர்கள். எடுத்தவர் யாரோ, அவரிடம் கேளுங்கள்.

அப்புறம் இந்த டிபிஐ வித்தை. அச்சுக்கடையில் "300 வேணும்" என்று சொல்லியிருப்பார்கள். உடனே கோப்பைத் திறந்து 72 இருந்த இடத்தில் 300 என்று தட்டிவிட்டு, "மாத்திட்டேன், இப்ப ஓகே" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். எதுவும் மாறவில்லை அக்கா! பிக்சல் அதே பிக்சல்தான். எத்தனை அங்குலத்தில் அடிப்பது என்ற குறிப்பு மட்டும்தான் மாறியது.

அதைவிடக் கொடுமை ஏஐ. மங்கலான படத்தை ஒரு செயலியில் போட்டுத் 'தெளிவாக்கி' அனுப்புகிறார்கள். நினைவஞ்சலிக்கு வந்த ஒரு பாட்டி படத்தைப் பார்த்தேன். வெற்றிலை போட்ட பல்லைக் காணோம், விளம்பரப் பல் வரிசை. கன்னத்து மருவும் காணோம். இல்லாத விவரத்தை அந்தச் செயலி தானாக ஊகித்து வரைகிறது. செத்துப்போனவருக்கு வேறு யாரோ ஒருவர் முகத்தை மாட்டி, கீழே அவர் பெயரைப் போட்டு அச்சடிக்கச் சொன்னால் எனக்குக் கை வரவில்லை.

சரி, சின்னதாகத்தான் வேண்டும் என்கிற இடத்திலாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? அதுவும் இல்லை. கடப்பிதழ் அளவுப் படம் கேட்கும் ஒரு விண்ணப்பத் தளம், "கோப்பு பெரியது" என்று சிவப்பு எழுத்தில் திட்டும். எத்தனை கேபி வேண்டும் என்பதை மட்டும் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கும். பதறிப்போன பிள்ளைகள் நூறு வரை போகும் ஜேபெக் தரத்தைப் பத்துக்கு இறக்கி, முகமே மொசைக் ஆன படத்தை ஏற்றுகிறார்கள். தரத்தை அப்புறம் தொடலாம், முதலில் அளவைக் குறையுங்கள். 4000 பிக்சல் அகலப் படத்தை 600-க்கு இறக்கினாலே எம்பியில் இருந்தது கேபிக்கு வந்துவிடும். தரத்தை 80 பக்கம் விட்டுவைத்தால் முகம் முகமாகவே இருக்கும். மூலப்படத்தைத் தொடாமல் நகலில் செய்யுங்கள். வேர்டில் மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கினால் கோப்பு சின்னதாகிவிடாது, பார்க்கத்தான் சின்னது.

ஐபோன்காரர்களுக்குத் தனியாக ஒரு வரி. 2017-இல் இருந்து ஐபோன் படத்தைச் சேமிக்கும் ஹெய்க் (HEIC) கோப்பு பல பழைய கணினிகளில் திறக்காது. திறக்கவில்லை என்றதும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது தீர்வு இல்லை. ஜேபெக்காக மாற்றி அனுப்புங்கள்.

டாக்குமெண்டாக அனுப்பினால் எடுத்த தேதியும், சில நேரம் எடுத்த இடமும் கோப்போடு வரும். முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பும்போது அதைக் கவனியுங்கள். மலருக்கு அந்தத் தேதி எனக்கு வரப்பிரசாதம், எந்த வருட விழா என்று நாலு பேரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

திங்கட்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன. செயலாளர் படம் என்று இப்போது என்னிடம் இருப்பது அவர் மகன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். மேல் மூலையில் பேட்டரி 14 விழுக்காடு, கீழே பாதி மறைந்த "குட் மார்னிங்". ஞாயிறு இரவுக்குள் மூலப்படம் வரவில்லை என்றால் அந்த பேட்டரியோடு சேர்த்தே முழுப் பக்கத்தில் போடுவேன்.