1450-ல் மேகநோயை மறைக்கப் பிறந்ததா மெர்கின்?

“1450-ல், சிஃபிலிஸ் புண்களை மறைக்க இங்கிலாந்தின் பாலியல் தொழிலாளர்கள் கண்டுபிடித்ததுதான் மெர்கின் என்ற அந்தரங்க விக்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அப்படியே நம்பிவிடாதீர்கள்.

கணக்கே இடிக்கிறது. சிஃபிலிஸ் என்ற மேகநோய் ஐரோப்பாவில் பெருந்தொற்றாகப் பதிவானது 1495 வாக்கில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இருந்த பிரெஞ்சுப் படையில்தான். வராத நோயை 45 வருடம் முன்பே எப்படி மறைப்பது? மெர்கின் என்ற சொல்லும் ஆங்கில எழுத்தில் 17ஆம் நூற்றாண்டில்தான் தென்படுகிறது. 1785-ல் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச்சொல் அகராதி, பெண்களின் அந்தரங்க உறுப்புக்கான போலி முடி என்றே அதற்குப் பொருள் தருகிறது.

சரி, நோய்க்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? பிற்காலத்தில் இருந்திருக்கலாம். சிஃபிலிஸின் இரண்டாம் கட்டத்தில் சிலருக்கு முடி கொட்டும். அந்தரங்கப் பேன் தொல்லைக்கு முடியை மழிப்பதும் உண்டு. ஆனால் பேன் யார் தொழிலையும் பார்த்து வருவதில்லை. பழியை ஒரு தொழில் செய்த பெண்கள் தலையில் மட்டும் கட்டுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

இன்று மெர்கின் பெரும்பாலும் சினிமா ஒப்பனைப் பொருள்: பழங்காலக் கதைகளின் நிர்வாணக் காட்சிகளில் நடிப்பவர்கள் ஒட்டிக்கொள்வது.