அமிஸ்டாட் கேஸை ஜெயிச்சது அந்தப் பேச்சு இல்லீங்க

ஸ்பீல்பெர்க்கோட 'அமிஸ்டாட்' (1997) படம் பத்தி யாரு பேசினாலும் கடைசில முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸா வர்ற ஆன்டனி ஹாப்கின்ஸ் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்ல பேசுற சீன்லதான் வந்து நிக்கிறாங்க. நடிப்பு பிரமாதம், அதுல எனக்கு சண்டையே இல்ல. ஆனா முன்னாள் ஜனாதிபதி ஒருத்தர் உருக்கமா பேசினாரு, நீதிபதிங்க மனசு கரைஞ்சிட்டாங்க, அதனால விடுதலைன்னு நெனச்சுக்கிட்டு எந்திரிச்சா அந்த கேஸ்ல பாதி கூட நமக்குப் புரியலன்னுதான் அர்த்தம்.

1839ல சியரா லியோன் பக்கம் பிடிச்ச மெண்டே ஜனங்களை ஹவானாவுல வித்தாங்க. ஆப்பிரிக்காவுலேருந்து புதுசா ஆள் கொண்டுவர ஸ்பெயினே 1820லேருந்து தடை போட்டிருந்துச்சு, அதனால ஆளுக்கொரு ஸ்பானிஷ் பேரு வச்சு, இவங்க ரொம்ப வருஷமா கியூபாவுலயே இருக்குற அடிமைங்கன்னு போலி பேப்பர் ரெடி பண்ணிட்டாங்க. ரூயிஸ், மோன்டெஸ்னு ரெண்டு பேர் 53 பேரை வாங்கி அமிஸ்டாட்ங்கிற கப்பல்ல ஏத்துறாங்க, அதுல 4 பேர் குழந்தைங்க. நடுக்கடல்ல செங்பே பியே (படத்துல சின்கே) விலங்கைக் கழட்டி, கரும்பு வெட்டுற கத்தியோட எல்லாரும் எந்திரிச்சு, கேப்டனைக் கொன்னு கப்பலைப் பிடிச்சாச்சு. ஊருக்கு ஓட்டுன்னு மோன்டெஸ்கிட்ட சொன்னா அந்தாளு பகல்ல கிழக்கால ஓட்டி ராத்திரில வடக்கால திருப்பின்னு ரெண்டு மாசம் ஏமாத்தி கடைசில லாங் ஐலண்ட் பக்கம் கொண்டுவந்து விட்டுட்டான். அங்க அமெரிக்க நேவி பிடிச்சுது. பிடிச்ச ஆபீசர் சும்மா இருந்தாரா, கப்பல், சரக்கு, ஆளுங்க எல்லாத்தையும் மீட்டதுக்கு எனக்குப் பங்கு வேணும்னு கோர்ட்டுக்கே போயிட்டாரு!

எனக்கு இந்தக் கதைல ஹீரோன்னா ஜோசயா கிப்ஸ்தான். யேல் பல்கலைக்கழகத்துல வாத்தியார். ஜெயில்ல இருந்தவங்க பேசுறது யாருக்கும் புரியல, இவரு அவங்ககிட்ட ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணக் கத்துக்கிட்டு நியூயார்க் துறைமுகத்துல போய் அதைச் சத்தமா சொல்லிக்கிட்டே நடந்திருக்காரு, பாத்தவங்க பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க. ஜேம்ஸ் கோவின்னு ஒரு மாலுமிக்கு அது புரிஞ்சிருச்சு. அவரும் மெண்டே, சின்ன வயசுல அடிமைக் கப்பல்லேருந்து பிரிட்டிஷ் நேவி மீட்ட ஆளு. அவரு மொழிபெயர்க்க, செங்பே நியூ ஹேவன் கோர்ட்ல நடந்ததையெல்லாம் சொன்னாரு. போலி பேப்பர் அங்கயே கிழிஞ்சுது. 1840 ஜனவரில ஜட்ஜ் ஜட்சன் இவங்க சுதந்திரமான ஆளுங்கதான்னு சொல்லிட்டாரு. ஆனா தீர்ப்பு ஸ்பெயின்காரங்களுக்குச் சாதகமா வரும், இவங்க அப்பீலுக்குப் போறதுக்கு முன்னாடியே கியூபாவுக்கு ஏத்திவிட்டுடலாம்னு ஜனாதிபதி வான் பியூரன் ஒரு கப்பலை வேற ரெடியா நிறுத்தி வச்சிருந்தாரு, எவ்வளவு அவசரம் பாருங்க. அப்புறம் கேஸ் அப்பீல்ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனப்பகூட இவங்க பக்கம் சட்ட வாதத்தை முதல்ல எடுத்து வச்சது இவங்க வக்கீல் ரோஜர் பால்ட்வின், ஆடம்ஸ் அவருக்கு அப்புறம்தான்.

1841 மார்ச் 9ல வந்த தீர்ப்புல ஜஸ்டிஸ் ஜோசப் ஸ்டோரி அடிமைமுறை தப்புன்னு தீர்ப்பு எழுதல. இவங்க கடத்தி வரப்பட்டவங்க, பேப்பர் மோசடி, அதனால இவங்க யாரோட சொத்தும் இல்ல, அவ்வளவுதான். பேப்பர் மட்டும் உண்மையா இருந்திருந்தா? ஸ்பெயினோட இருந்த ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பியிருப்பாங்க. சும்மா சொல்லல, அதே கப்பல்ல அந்தோனியோன்னு ஒரு பையன் இருந்தான், செத்துப்போன கேப்டனோட அடிமை. அவன் விஷயத்துல பேப்பர் சரியா இருந்துச்சு, அதனால அவனைத் திருப்பி அனுப்பணும்னு அதே கீழ்க்கோர்ட்தான் சொல்லுச்சு. அடிமைமுறை எதிர்ப்பாளருங்க அவனை ரகசியமா மான்ட்ரியலுக்குக் கடத்தி விட்டதாலதான் தப்பிச்சான். மார்கன் ஃப்ரீமன் கேரக்டரைக் கற்பனையா உருவாக்குனவங்க, நிஜமாவே இருந்த இந்தப் பையனை நடுவுல வச்சு கதை சொல்லியிருந்தா படம் வேற லெவல்ல இருந்திருக்கும்.

இன்னொரு கொடுமை, விடுதலைன்னு சொன்ன சுப்ரீம் கோர்ட், அரசாங்கம்தான் இவங்களை ஊருக்கு அனுப்பி வைக்கணும்ங்கிற கீழ்க்கோர்ட் உத்தரவை ரத்து பண்ணிடுச்சு. ஊர் ஊரா கூட்டம் போட்டு, அதுல இவங்களே மேடையேறி நின்னு காசு சேர்த்து, மிச்சம் உயிரோட இருந்த 35 பேரும் 1841 நவம்பர்லதான் கப்பல் ஏறினாங்க.